மைனஸ் இரண்டரை

அத்தியாயம் 4

திரையில் நின்ற வாசகம் இதுதான்:

ஓடும்போது பிழை: –2.50 எண் அல்ல.

லென்ஸ் பட்டறைக்காரம்மா அதைக் காலையிலிருந்து நாற்பது தடவை படித்துவிட்டாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இருபது தடவை, கழற்றிவிட்டு இருபது தடவை.

“எண் இல்லையாமே! ரெண்டு, புள்ளி, அஞ்சு, பூஜ்யம். இது எண் இல்லன்னா வேற என்ன? என் நாத்தனாரா?”

வாசலில் குடையை மடக்கிக்கொண்டிருந்த இரண்டு பெண்களில் இளையவள் நிமிர்ந்தாள்.

“கூப்பிட்டீங்களா?”

மூத்தவள் அண்ணி. கம்ப்யூட்டர் நிரல்களுக்குள் ஒளிந்திருக்கும் பிழைகளைப் பிடிப்பது அவள் தொழில். இளையவள் அவளுடைய கணவரின் தங்கை. அண்ணி பிடிக்கும் பிழைகளைப் பற்றிப் பேசுவது அவள் தொழில். ஓர் அண்ணியும் நாத்தனாரும் சேர்ந்து துப்பறியும் நிலையம் நடத்துகிறார்கள் என்பதைக் கேள்விப்பட்ட பாதிப் பேர், பிழை இருக்கிறதோ இல்லையோ, அந்த அதிசயத்தைப் பார்ப்பதற்காகவே கூப்பிட்டு அனுப்பினார்கள்.

பட்டறை நீளமான ஒற்றை அறை. ஒரு கோடியில் கம்ப்யூட்டர். மறு கோடியில், கண்ணாடித் தடுப்புக்கு அப்பால், லென்ஸ் தேய்க்கும் மிஷின். அதன் அடியில் வைத்திருந்த வாளியில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. சுவரோரப் பெஞ்சில் ஒரு பஸ் டிரைவர் சீருடையோடு உட்கார்ந்திருந்தார். மூலையில் இருந்த கோட் ஸ்டாண்டைப் பார்த்து அவர் மரியாதையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்:

“எவ்வளவு நேரம் சார் நிப்பீங்க? இப்படி வந்து உக்காருங்க.”

நாத்தனார் அண்ணியின் காதில் சொன்னாள்: “கேஸ் சீரியஸ்தான்.”

டிரைவரின் கதை சுருக்கமானது. போன புதன்கிழமை கண்ணாடியைக் காணோம். வீடு முழுக்கத் தேடியிருக்கிறார். களைத்துப்போய் நாற்காலியில் உட்கார்ந்தபோது அது கிடைத்துவிட்டது.

“உக்காந்த இடத்துலயேவா?” என்றாள் நாத்தனார்.

“உக்காந்த இடத்துலயே. சத்தம் கேட்டுதான் கண்டுபிடிச்சேன்.” டிரைவர் பெருமூச்சு விட்டார். “இன்னிக்கு நாலு மணிக்கு டெப்போவுல கண் பரிசோதனை. போன வாரமே வெச்சிருந்தாங்க, கெஞ்சிக் கூத்தாடித் தள்ளி வெச்சேன். இன்னிக்கும் கண்ணாடி இல்லாமப் போனா ஸ்டீயரிங்கை வாங்கிட்டு ஹோஸ் பைப்பைக் கையில குடுத்துடுவாங்க. பத்தொம்பது வருஷம் ஓட்டினவன்மா. பஸ் கழுவிட்டு நிக்க மனசு வரல.”

பட்டறைக்காரம்மா மணியைப் பார்த்தாள். பன்னிரண்டேகால்.

“ஒரு ஜோடி லென்ஸ் தேய்ச்சு ஃப்ரேம்ல மாட்ட அம்பது நிமிஷம். இங்கேருந்து டெப்போ இருபது நிமிஷ நடை. ரெண்டே முக்காலுக்குள்ள மிஷின் ஓடியாகணும்.”

“கையால அந்த நம்பரை அடிச்சுட்டா?” என்றாள் அண்ணி.

“அடிக்க முடியாது. முன்னாடி நிரல்ல அதுக்கு ஒரு கட்டம் வெச்சிருந்தேன். ஒரு நாள் மைனஸுக்குப் பதிலா பிளஸ் தட்டிட்டேன். அந்த மனுஷன் நீச்சல் குளத்தைத் தரைன்னு நெனச்சு நேரா நடந்துட்டார். அன்னிக்கே கட்டத்தைத் தூக்கிட்டேன். கண் டாக்டர் வீட்டுலேருந்து கம்ப்யூட்டர்ல பவர் சீட்டு எப்படி வருதோ அப்படியே மிஷினுக்குப் போகும், நடுவுல யார் கையும் படாது. அவங்க எழுதினதுல ஒரு புள்ளியை மாத்தணும்னாலும் அவங்க ஆமான்னு சொல்லணும்.”

“நிரல் யார் எழுதினது?”

“நான்தான். ராப்பகலா உக்காந்து நானே கத்துக்கிட்டு எழுதினேன்.” குரலில் பெருமையும் பயமும் சரிபாதி இருந்தன. “ஆறு மாசமா குழந்தை மாதிரி சமத்தா ஓடிச்சு.”

“குழந்தைன்னா நடுவுல அடம் பிடிக்கத்தான் செய்யும்,” என்றாள் நாத்தனார்.

டிரைவர் கையைத் தூக்கினார். “எனக்கு ஒரு சந்தேகம். எண்ணைப் பார்த்து எண் இல்லன்னு இது சொல்லுதாமே. அது ஏற்கெனவே எண்தானே?”

அண்ணிக்கு இந்தக் கேள்வி என்றால் உயிர். நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள். நாத்தனார் மெதுவாகத் தன் பையிலிருந்து வேர்க்கடலையை எடுத்தாள். இது முடிய நேரமாகும் என்று அவளுக்குத் தெரியும்.

“சீட்டுல வர்றது எண் இல்லீங்க, எண்ணோட எழுத்து. ஏட்டுச் சுரைக்காய்னு சொல்லுவோமே, அது. பார்க்க சுரைக்காய்தான், கறிக்கு உதவாது. மிஷினுக்கு நிஜச் சுரைக்காய் வேணும். எவ்வளவு ஆழம் தேய்க்கணும்னு பெருக்கிக் கழிச்சுக் கணக்குப் போடணுமே? அதனால நிரல் அந்த எழுத்துகளை ஒண்ணொண்ணா வாசிச்சு நிஜமான ஒரு எண்ணைச் செய்யும். நடுவுல அதுக்குத் தெரியாத எழுத்து ஒண்ணே ஒண்ணு வந்தாப் போதும். இது எண்ணே இல்லன்னு கையை விரிச்சுடும்.”

“அது என்ன, ஓடும்போது பிழை?”

“எழுதினதே தப்புன்னா நிரல் கிளம்பவே கிளம்பாது. இது நல்லாத்தான் கிளம்பும். ஒரு குறிப்பிட்ட சீட்டு வந்தா மட்டும் தடுக்கி விழும். உங்க பஸ்ஸு டெப்போவுல ஜம்முன்னு ஸ்டார்ட் ஆகுது, பாதையில ஒரு குழி. அந்த மாதிரி.”

“ஓ! அப்ப பஸ் மேல தப்பில்ல.”

“குழி எங்கன்னு பார்க்கணும்,” என்று அண்ணி கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினாள். “கண்ணுல படறதை நம்பாதே, அதுகிட்டயே கேளு. இதுல எத்தனை எழுத்து இருக்கு?”

நாத்தனார் விரல் விட்டு எண்ணினாள். “கோடு, ரெண்டு, புள்ளி, அஞ்சு, பூஜ்யம். அஞ்சு.”

அண்ணி அந்தச் சீட்டின் நீளத்தை நிரலிடம் கேட்டாள். பதில் வந்தது: 6.

“ஆறாவது ஆள்!” நாத்தனார் கடலையைக் கீழே போட்டுவிட்டாள். “அஞ்சு பேர் போட்டோவுல ஆறு பேர் இருக்காங்க. ஒருத்தன் கண்ணுக்கே தெரியல!”

“வெற்றிடம். பூஜ்யத்துக்கு அப்புறம் யாரோ இடைவெளிப் பொத்தானைத் தட்டியிருக்காங்க. கண்ணுக்கு அது ஒண்ணுமில்லாதது. கம்ப்யூட்டருக்கு அதுவும் ஒரு எழுத்து.”

ஓரத்து வெற்றிடத்தை வெட்ட ஒரு வரி போதும். அண்ணி சேர்த்தாள். நீளம் ஐந்து ஆனது. டிரைவர் எழுந்து நின்றார். பட்டறைக்காரம்மா ஓட்டும் பொத்தானைத் தட்டினாள்.

ஓடும்போது பிழை: –2.50 எண் அல்ல.

டிரைவர் உட்கார்ந்தார். ஆனால் அந்த ஆறாவது ஆளைப் பிடித்ததில் அண்ணிக்கும் திருப்தி இல்லை என்பது முகத்தில் தெரிந்தது.

“நின்னுபோன சீட்டு இது ஒண்ணுதானா?”

“பதினோரு சீட்டு நிக்குது. மத்ததெல்லாம் ஓடிடுச்சு. எல்லாத்தையும் காகிதத்துல அச்சடிச்சு மாடி அலமாரியில வெச்சிருக்கேன்.”

“நான் போய்ப் பார்க்கறேன். யாரும் எதையும் தொடாதீங்க,” என்று சொல்லிவிட்டு அண்ணி மாடிப்படி ஏறினாள். அந்தக் கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது அவள் நாத்தனாரைப் பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை.

*

நாத்தனாருக்கு நிரல் எழுதுவதில் ஒரே ஒரு வரி தெரியும். எங்கோ கேட்டு மனப்பாடம் செய்தது. ‘பிழை வந்தால் பூஜ்யம் என்று வைத்துக்கொண்டு மேலே போ’ என்பதுதான் அந்த வரியின் பொருள். ஒரே வரி தெரிந்தவர்களுக்கு எல்லா இடமும் அந்த வரிக்கு ஏற்ற இடமாகத்தான் தெரியும்.

அவள் அதைச் சேர்த்தாள். பொத்தானைத் தட்டினாள்.

பிழை வரவில்லை. கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் மிஷின் உறுமிக்கொண்டு கிளம்பியது.

“ஓடுது!” பட்டறைக்காரம்மா நாத்தனாரைக் கட்டிக்கொண்டாள். டிரைவர் கோட் ஸ்டாண்டின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

“எப்படிம்மா பண்ணின?”

“அண்ணி சுத்தி வளைச்சுப் போவாங்க. நான் குறுக்கு வழி.” நாத்தனார் நாற்காலியில் சாய்ந்துகொண்டாள். அவளுடைய வாழ்க்கையின் மிக அருமையான ஐம்பது நிமிடங்கள் அவை.

அண்ணி ஒரு கட்டுக் காகிதத்தோடு இறங்கி வந்தபோது டிரைவர் புதுக் கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டிருந்தார். காது மடலில் சரியாக உட்கார்ந்தது. எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். அவர் மெல்ல மூலைப் பக்கம் திரும்பினார்.

“பாருங்களேன்,” என்றார் வருத்தமாக, “சார் இன்னும் நின்னுட்டுதான் இருக்கார்.”

பட்டறைக்காரம்மா கண்ணாடியைப் பிடுங்கிப் பவர் அளக்கும் கருவியில் வைத்தாள். குனிந்தவள் நிமிரவே இல்லை.

“பூஜ்யம். ரெண்டு பக்கமும் பூஜ்யம். இது ஜன்னல் கண்ணாடி.”

மணி ஒன்று நாற்பத்தைந்து.

“என்ன பண்ணின?” அண்ணி நாத்தனாரைக் கேட்டாள். குரலை உயர்த்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

“ஒரே ஒரு வரி அண்ணி. பிழை வந்தா...”

“பூஜ்யம்னு வெச்சுக்கோ. அதானே? ராத்திரி திருடன் வந்தா நாய் குரைக்குது. நீ நாயோட வாயைக் கட்டிட்டு, வீடு அமைதியா இருக்குன்னு கை தட்டியிருக்க.”

“நாய்தான் தொந்தரவுன்னு நெனச்சேன்.”

“பிழைன்னு அது கத்தினது நமக்கு உதவி. பூஜ்யம்ங்கறது ‘தெரியல’ன்னு அர்த்தம் இல்ல, அதுவும் ஒரு எண். உங்க அண்ணன்கிட்ட போன்ல ‘சாப்பிட்டீங்களா’ன்னு கேட்டு, பதில் வர்றதுக்குள்ள லைன் கட் ஆனா, சாப்பிடலன்னு முடிவு பண்ணிடுவியா?”

“எங்க அண்ணன் விஷயத்துல ரெண்டு தடவை சாப்பிட்டிருப்பார்னுதான் முடிவு பண்ணுவேன்.”

அண்ணி சிரிக்காமல் இருக்கப் பார்த்தாள். முடியவில்லை. பட்டறைக்காரம்மாவுக்கு அந்தக் கஷ்டமே இல்லை.

“இந்த அளவுல தேய்க்காத லென்ஸ் வட்டு இன்னும் ஒரே ஒரு ஜோடிதான் இருக்கு,” என்றாள். “அதையும் வீணாக்கினா இவருக்கு ஹோஸ் பைப்தான்.”

நாத்தனார் எழுந்தாள். தானே போய்த் தன்னுடைய வரியை அழித்தாள். திரையில் பழைய பிழை திரும்ப வந்து நின்றது. முதல் முறையாக அதைப் பார்த்து எல்லோருக்கும் ஒரு நிம்மதி.

*

அண்ணி காகிதங்களை மேஜை மேல் இரண்டு வரிசையாகப் பரப்பினாள். இடது பக்கம் சமீபத்தில் ஓடியவை. வலது பக்கம் நின்றவை.

“ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?”

நாத்தனார் குனிந்து பார்த்தாள். இடது பக்கம் +1.75, +0.50, +2.25. வலது பக்கம் –1.25, –3.00, –2.50.

“பிளஸ் எல்லாம் போயிருக்கு, மைனஸ் எல்லாம் நிக்குது!”

“பிளஸ்னா தூரப்பார்வை. மைனஸ்னா கிட்டப்பார்வை,” என்றாள் பட்டறைக்காரம்மா.

“அப்போ உங்க நிரலுக்குக் கிட்டப்பார்வைக்காரங்களைக் கண்டா ஆகாது. முன்விரோதம் ஏதாவது உண்டா?”

“போன புதன்கிழமை வரைக்கும் மைனஸ் சீட்டும் ஓடியிருக்கு,” என்றாள் அண்ணி. “வியாழக்கிழமை காலையிலேருந்துதான் ஒண்ணுகூட ஓடல. நிரலை நீங்க தொட்டீங்களா?”

“சத்தியமா இல்ல.”

“அப்ப மாறினது நிரல் இல்ல, சீட்டு. இன்னொண்ணு. நாம வெட்டினோமே ஆறாவது ஆள், அந்த வெற்றிடம். பிளஸ் சீட்டோட நீளத்தையும் இப்பக் கேட்டுப் பார்த்தேன், அவன் அதுலயும் இருக்கான். அதெல்லாம் ஓடியிருக்கு.”

“அடப்பாவமே! நிரபராதியையா வெட்டினோம்?”

“நிரபராதிதான். எண்ணா மாத்தற அந்தக் கட்டளை, ஓரத்துல இருக்கற வெற்றிடத்தைக் கண்டுக்காம விட்டுடுது. எல்லா நிரல் மொழியும் அவ்வளவு பெருந்தன்மையா இருக்காது. அதனால வெட்டினது வெட்டினதாவே இருக்கட்டும்.”

நின்றுபோன சீட்டுகளில் முதல் சீட்டை, வியாழக்கிழமை காலை வந்ததை, அண்ணி தனியாக எடுத்தாள். அதில் இருந்த பெயரைப் பார்த்தாள். பெஞ்சில் இருந்த டிரைவரைப் பார்த்தாள். அதை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

பிறகு கம்ப்யூட்டரில் ஒரு சோதனை ஜன்னலைத் திறந்து, சீட்டில் வந்ததை அப்படியே மேல் வரியில் வைத்தாள். அதற்குக் கீழே தானே விசைப்பலகையில் தட்டினாள்:

–2.50
-2.50

மேல் வரியை எண்ணாக மாற்றச் சொன்னாள். பிழை. கீழ் வரியை மாற்றச் சொன்னாள். எண்!

“ரெட்டைப் பிள்ளைங்க,” என்றாள் நாத்தனார். “ஒருத்தன் சமத்து, ஒருத்தன் போக்கிரி. எவன் எவன்னு அம்மாவுக்கே தெரியாது.”

பட்டறைக்காரம்மா மேஜை இழுப்பறையைத் திறந்து, லென்ஸில் கீறல் பார்க்கும் பூதக்கண்ணாடியை எடுத்து அண்ணியிடம் நீட்டினாள்.

“யாராவது போட்டோ எடுங்களேன்! பன்னெண்டு வருஷமா துப்பறியறோம். அண்ணி கையில பூதக்கண்ணாடி ஏறினது இன்னிக்குத்தான்.”

அண்ணி திரையில் மூக்கு படும்படி குனிந்தாள். மேல் வரியிலிருந்த கோடு கீழ் வரிக் கோட்டைவிட ஒரு மயிரிழை நீளமாக இருந்தது. அவ்வளவுதான். ஆனால் அவள் முகம் விளக்குப் போட்ட மாதிரி ஆகிவிட்டது.

“கம்ப்யூட்டருக்குக் கண் கிடையாது. எழுத்தோட முகத்தை அது பார்க்கறதே இல்ல. ஒவ்வொரு எழுத்துக்கும் உள்ளுக்குள்ள ஒரு எண் உண்டு, கைரேகை மாதிரி. அதைத்தான் பார்க்கும். நாமும் கைரேகை எடுப்போம்.”

கீழ் வரியின் முதல் எழுத்தைக் கேட்டாள். பதில்: 45.

மேல் வரியின் முதல் எழுத்தைக் கேட்டாள். பதில்: 8211.

பட்டறைக்காரம்மா இரண்டு எண்களையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“நாற்பத்தஞ்சு, நம்ம விசைப்பலகையில இருக்கற மைனஸ். எட்டாயிரத்து இருநூத்திப் பதினொண்ணு, அச்சுப் புத்தகத்துல வாக்கியத்துக்கு நடுவுல வருமே, அந்த நீளக் கோடு. நமக்கு ரெண்டும் கோடு. நிரலுக்கு ஒருத்தன் சொந்தக்காரன், இன்னொருத்தன் வழிப்போக்கன்.”

“மைனஸ் வேஷம் போட்டுக்கிட்டு உள்ள வந்துட்டான்! வாங்க, ஆளை மாத்திடலாம்.”

“கூடாது,” என்றாள் பட்டறைக்காரம்மா. “அது மைனஸுன்னு யார் சொன்னது? பிளஸ் போட மறந்து, ‘பவர்’ங்கற சொல்லுக்கும் நம்பருக்கும் நடுவுல அழகுக்காக ஒரு கோடு இழுத்திருந்தா? அப்ப அது பிளஸ் ரெண்டரை.”

“அப்ப பஸ்ஸு நீச்சல் குளத்துக்குப் போயிடும்.”

“டாக்டர் வீட்டுலேருந்து உறுதி வராம என் மிஷின் ஓடாது. பட்டறைச் சட்டம்.”

அண்ணி தலையாட்டினாள். “சரியான சட்டம். ஏற்கெனவே ஒரு தடவை ஊகம் பண்ணி ஒரு ஜோடி போச்சு.”

தொலைபேசியில் கூப்பிட்டார்கள். லைன் கிடைக்கவில்லை. இன்னொரு முறையும் கிடைக்கவில்லை. மணி இரண்டு. டாக்டர் வீடு இரண்டு தெரு தள்ளி. அண்ணியும் நாத்தனாரும் குடையைக்கூட எடுக்காமல் ஓடினார்கள்.

*

லைன் கிடைக்காததற்குக் காரணம் வாசல் மேஜையிலேயே உட்கார்ந்திருந்தது. டாக்டரின் ரிசப்ஷன் அம்மா, தோளுக்கும் காதுக்கும் நடுவில் ரிசீவரை இடுக்கிக்கொண்டு, தன் சம்பந்தியிடம் மூன்றாவது சம்பந்தியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

நாத்தனார் ஒரு விரலால் தொலைபேசியைத் துண்டித்தாள்.

“மன்னிச்சுக்கங்க. ஒரு குடும்பத்தைவிட ஒரு பஸ் முக்கியம்.”

அண்ணி சீட்டை நீட்டினாள். “இந்தக் கோடு நீங்க போட்டதா?”

அந்த அம்மாவின் முகம் மலர்ந்தது. “நல்லாத் தெரியுதுல்ல?”

“எங்களுக்குத் தெரியுது. கம்ப்யூட்டருக்குத்தான் தெரியல. இது மைனஸா, இல்ல சும்மா இழுத்த கோடா?”

“மைனஸ்தான்! முன்னாடி விசைப்பலகையில இருக்கற குட்டிக் கோட்டைத்தான் போட்டுட்டு இருந்தேன். சீட்டு அடிச்சதும் இந்தத் திரையைத் திருப்பிக் காட்டி, ‘சரியான்னு பாத்துக்குங்க’ன்னு எல்லார்கிட்டயும் கேப்பேன். அது என் வழக்கம். போன வியாழக்கிழமை காலையில ஒருத்தர், மேஜைக்கு அந்தப் பக்கம் நின்னுக்கிட்டு ஒரே சண்டை. ‘ரெண்டுக்கு முன்னாடி ஏதாவது இருக்கா, இல்ல ஈ உக்காந்ததா? தூரத்துல இருக்கறது தெரியாதவன்தானேம்மா மைனஸ் வாங்கறான்? அவன்கிட்டயே இத்தனூண்டு மைனஸைத் தூரத்துலேருந்து காட்டினா எப்படி?’ன்னு கேட்டார்.”

அண்ணி ஒப்புக்கொண்டாள். “நியாயமான கேள்வி.”

“அதான் எனக்கும் மனசு கேக்கல. குறிகள் பட்டியலைத் திறந்து தேடி, நல்லா நீளமா ஒரு கோட்டைக் கண்டுபிடிச்சேன். அன்னிலேருந்து மைனஸ்காரங்க எல்லாருக்கும் அதுதான். பிளஸ் நல்லாத் தெரியுதுன்னு அதைத் தொடல.”

“அந்த வெற்றிடம்? நம்பருக்கு அப்புறம்?”

“அது மூச்சு விடறதும்மா. ஒரு நம்பர் அடிச்சா ஒரு தட்டு. இருபது வருஷப் பழக்கம்.”

பதினோரு சீட்டுகளிலும் அந்தக் கோடு மைனஸ்தான் என்று டாக்டரின் கையெழுத்தோடு ஒரு தாள் வாங்க ஐந்து நிமிடம் ஆனது. கிளம்பும்போது நாத்தனார் கேட்டாள்: “சண்டை போட்டவர் யாரு?”

“பேர் ஞாபகம் இல்ல. பஸ் டிரைவர். கடைசியில பாவம், ரொம்ப நன்றிம்மான்னு கும்பிட்டுட்டுத்தான் போனார். என்ன, அந்தத் தொட்டிச் செடியைக் கும்பிட்டார்.”

நாத்தனார் செடியைப் பார்த்தாள். அண்ணியைப் பார்த்தாள். அண்ணி கைப்பையிலிருந்து மடித்த சீட்டை எடுத்து நீட்டினாள். முதன்முதலில் நின்றுபோன சீட்டு. அதில் டிரைவரின் பெயர்.

“இதை மடிச்சு வெச்சபோதே உங்களுக்குத் தெரியுமா?”

“அவர்லேருந்துதான் ஆரம்பிக்குதுன்னு தெரியும். ஏன்னு இப்பத்தான் தெரியும்.”

*

“நானா?” டிரைவர் பெஞ்சிலிருந்து துள்ளி எழுந்தார். “ஐயையோ! பெரிசாப் போடுங்கன்னுதானே சொன்னேன்? வேற ஆளைப் போடுங்கன்னு சொல்லலியே!”

“உங்களுக்குத் தெரியணும்னு பெரிசாக்கினாங்க. உங்களுக்குத் தெரிஞ்சுது, நிரலுக்குத் தெரியாமப் போச்சு,” என்றாள் நாத்தனார். “உங்க குழியை நீங்களே வெட்டி, நீங்களே பஸ்ஸை விட்டுட்டீங்க. கூடவே பத்துப் பேரை ஏத்திக்கிட்டு.”

மணி இரண்டு முப்பத்தைந்து. அண்ணி சொல்லச் சொல்ல, பட்டறைக்காரம்மா நிரலைத் திருத்தினாள். அவள் எழுதிய நிரல், அவள் கையாலேயே திருந்தட்டும் என்று அண்ணி விசைப்பலகையைத் தொடவில்லை. அதே நேரத்தில் நாத்தனாருக்கு ஒரு தண்டனை கொடுக்கப்பட்டது. அண்ணி சொல்வதை அவள் மிஷின் பக்கத்துச் சுவரில் மாட்டியிருந்த வெள்ளைப் பலகையில் எழுத வேண்டும், கேலி எதுவும் கலக்காமல்.

பட்டறைக்காரம்மா டாக்டரின் தாளை இரண்டு தடவை படித்தாள். பிறகு பொத்தானைத் தட்டினாள்.

பிழை வரவில்லை. ஆனால் இந்த முறை யாரும் கை தட்டவில்லை. நால்வரும் திரையில் குனிந்து, மிஷினுக்குப் போன எண்ணைப் பார்த்தார்கள். மைனஸ் இரண்டரை. இரண்டு கண்ணுக்கும். அதற்கப்புறம்தான் மூச்சு விட்டார்கள். கடைசி ஜோடி வட்டு சுழல ஆரம்பித்தபோது மணி இரண்டு நாற்பத்து மூன்று.

மூன்று முப்பத்து மூன்றுக்குக் கண்ணாடி ஃப்ரேமில் ஏறியது. பவர் அளக்கும் கருவியில் பட்டறைக்காரம்மா பார்த்தாள், ஒரு முறை தலையாட்டினாள். டிரைவர் போட்டுக்கொண்டார். மூலைப் பக்கம் திரும்பினார். வெகுநேரம் பார்த்தார்.

“கோட் ஸ்டாண்டு,” என்றார் மெதுவாக. “மூணு மணி நேரமா இதுகிட்ட எங்க வீட்டு ரகசியமெல்லாம் சொல்லிட்டு இருந்தேனே.”

“நல்ல இடத்துலதான் சொல்லியிருக்கீங்க. வெளிய போகாது,” என்றாள் நாத்தனார்.

அவர் கதவுக்கு ஓடினார். அண்ணி தடுத்தாள். “அரை நிமிஷம். டெப்போ பரிசோதனைக்கு முன்னாடி எங்க பரிசோதனை. கதவு கிட்டயே நில்லுங்க. அந்தக் கோடியில இருக்கற பலகையை வாசிங்க.”

பட்டறையின் முழு நீளம் நடுவில் இருந்தது. நாத்தனாரின் கையெழுத்து பொடிப்பொடியாகத்தான் இருக்கும். டிரைவர் கண்ணைச் சுருக்கவே இல்லை.

“மேல ஒரு நம்பர். மைனஸ் ரெண்டரை.” அவர் கண்ணாடியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். “குட்டி மைனஸுதான். தெரியுது.”

“தொடர்ந்து படிங்க.”

டிரைவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, பஸ் நிறுத்தங்களைச் சொல்வது போல் ஒவ்வொரு வரியாக உரக்கப் படித்தார்:

“சீட்டு வந்ததும் ஓரத்து வெற்றிடத்தை வெட்டு. நீளக் கோடு, எண் 8211, முதல் எழுத்தாக இருந்தால் அதை விசைப்பலகை மைனஸாக, எண் 45 ஆக, மாற்று. பிறகு, இதை எண்ணாக மாற்ற முடியுமா என்று முதலில் கேள். முடியும் என்றால் மட்டும் மாற்று. முடியாது என்றால் மிஷினை நிறுத்து. எந்தச் சீட்டு, எத்தனையாவது எழுத்து, அந்த எழுத்தின் எண் என்ன என்று திரையில் சொல். தெரியாததற்குப் பூஜ்யம் போடாதே.”